புள்ளிக் கிடாவும் குலுக்கல் சாரும்

மைசூரில் தன் சொந்த விருப்பத்தை ஒருமுறைகூட நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீஸில், எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். சம்பளச் சீட்டில் அவருக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. மூன்று இனிஷியல், நடுவில் ஒரு பெருமாள், கடைசியில் ஐயங்கார். அதை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. டீ கொண்டுவருகிறவர் முதல் டைரக்டர் மேடம் வரை எல்லோருக்கும் அவர் குலுக்கல் சார்.

பெயருக்குக் காரணம் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவில் பிஸ்கட் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. மடித்த சீட்டுகள்தான் இருக்கும். எந்த முடிவையும் அவர் எடுக்க மாட்டார், டப்பா எடுக்கும்.

இதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. எங்கள் வேலை அப்படி. வெள்ளாட்டுக் குட்டிகளை எடை போட்டு, காதில் துளி சதை எடுத்து மரபணுவைப் படித்து, எந்தக் கிடாவின் வாரிசுகள் நன்றாக வளர்கின்றன என்று ஆடு வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் கணினி, அவர் புள்ளியியல். ‘இது பார்க்க லட்சணமாக இருக்கிறது’ என்று மனசுக்குப் பிடித்ததை எல்லாம் பொறுக்கிச் சோதித்தால் கணக்கு கெட்டுப்போகும். அதனால் சீட்டுக் குலுக்கித்தான் பொறுக்க வேண்டும். உலகம் முழுக்க இதுதான் விதி. மற்றவர்கள் ஐந்து மணிக்கு அந்த விதியை ஆபீஸிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் கூடவே கூட்டிக்கொண்டு போனார்.

காலையில் சரஸ்வதிபுரத்தில் ஒரு தர்ஷினி ஓட்டலில் நின்றபடி சாப்பிடுவார். இட்லி, வடை, காரா பாத், செட் தோசை, மசாலா தோசை, தயிர் சாதம் எல்லாம் சீட்டில் இருக்கும். மசாலா தோசை என்றால் அவருக்கு உயிர். கல்லில் வெண்ணெய் உருகும் வாசனைக்கே கண் லேசாகக் கலங்கும். ஆனால் சீட்டில் தயிர் சாதம் வந்தால் தயிர் சாதம்தான். பக்கத்தில் நிற்பவரின் தோசையைப் பார்த்தபடியே அதை விழுங்குவார். இந்தக் காட்சியைச் சகிக்க முடியாத அந்தக் கடை சப்ளையர், ஒருநாள் இவர் கை கழுவப் போன நேரம் பார்த்து, டப்பாவுக்குள் மசாலா தோசைச் சீட்டுகளாக ஒரு பிடி எழுதிப் போட்டுவிட்டார். அந்த வாரம் குலுக்கல் சார் சொர்க்கத்தில் இருந்தார். வாரக் கடைசியில் முகம் வாடிவிட்டது. ஆபீஸுக்கு வந்து, ஒரு பக்கம் நிறையக் கணக்குப் போட்டு என் முன்னால் வைத்தார்.

“இத்தனை தடவை மசாலா தோசை தானா வர வாய்ப்பே இல்லை. யாரோ என்மேல அன்பு வெச்சிருக்கா.”

போலீஸில் புகார் கொடுக்கிற குரலில் சொன்னார்.

இன்னொரு சமயம், ஆபீஸில் ஜன்னலோரம் உட்காருகிறவர்கள்தான் சுறுசுறுப்பாக இருக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அது ஜன்னலின் பெருமையா, ஆட்களின் பெருமையா என்று அறியாமல் இவருக்குத் தூக்கம் வரவில்லை. எல்லோருடைய இடத்தையும் குலுக்கிப் போட்டார். எங்கள் ஆபீஸ் ஒரு வாடகை வீடு. டைரக்டர் மேடத்துக்கு விழுந்தது குளியலறைக் கதவோரம். மேடம் கன்னடத்தில், மிகவும் மரியாதையாக, வாளியை நகர்த்தி உட்காரும் எண்ணம் தனக்கு இல்லை என்றார். சோதனையின் முடிவில் இவர் எழுதிய அறிக்கையில் எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் இருந்தது. மேடத்தின் பெயருக்கு நேரே மட்டும் ‘தகவல் கிடைக்கவில்லை’ என்று இருந்தது.

உச்சம், அவருடைய தங்கை கல்யாணம். மேல்கோட்டையிலிருந்து ஒரு சமையல்காரர், மைசூரிலிருந்து ஒருவர் என்று இரண்டு பேர். இரண்டு பேரும் தனித்தனியாகத் திருக்கண்ணமுது செய்திருந்தார்கள். ஒரு அண்டாவைப் பெண் வீட்டுப் பந்திக்கும் மற்றதை மாப்பிள்ளை வீட்டுப் பந்திக்கும் அனுப்புவது என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். குலுக்கல் சார் உள்ளே நுழைந்தார். இலைக்கு இலை சீட்டுப் போட்டு, ஒரு இலைக்கு இந்த அண்டா, அடுத்த இலைக்கு அந்த அண்டா என்று கலைத்துவிட்டார். சம்பந்தி தன் இலையில் இருப்பதை விட்டுவிட்டு, பக்கத்து இலையில் இருப்பதுதான் வேண்டும் என்று எழுந்து நின்றார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் பிற்பாடு கேட்டேன்.

“ஒரு அண்டாவை அப்படியே மாப்பிள்ளை ஆத்துக்காராளுக்குப் போட்டா என்ன தெரியும் சொல்லு? அவா எதைப் போட்டாலும் குறை சொல்லுவா. குறை பாயசத்துலயா, சம்பந்தி கிட்டயான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?”

புள்ளியியல் பாடப் புத்தகங்களில் நாற்பது பக்கம் இழுக்கிற சமாசாரம் இது. அவர் தங்கை அவரோடு ஒரு மாதம் பேசவில்லை.

இப்போது ஆட்டுக்கு வருகிறேன்.

கொள்ளேகாலத்துக்கு அப்பால், தமிழ் பேசுகிற ராமாபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன ஊர்களிலும் நாங்கள் குட்டிகளை எடை போட்டிருந்தோம். அங்கே எங்களுக்கு எல்லாமே பழனியம்மா. முப்பது வயதிருக்கும். சொந்தமாகக் கொஞ்சம் ஆடு, எல்லோருடைய ஆட்டையும் பற்றிய அபிப்பிராயம் நிறைய. அவரிடம் ஒரு பொலிகிடா இருந்தது. வெள்ளை உடம்பில் மை தெளித்த மாதிரிப் புள்ளிகள். பெயர் மினிஸ்டர். காரிலிருந்து நாங்கள் இறங்கினால், மாலைக்குக் கழுத்தை நீட்டுவதுபோல் நடந்து வந்து முன்னால் நிற்கும். தாய் செத்துப்போன குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது பழனியம்மாதான். அவருடைய மந்தைக்கே தகப்பன் அது.

எடைகளையும் மரபணுக்களையும் ஒன்றாகக் கணினியில் ஓட்டினேன். ஆட்டின் மரபணுவில் ஆயிரக்கணக்கான இடங்களைக் கணினி ஒவ்வொன்றாக எடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். சம்பந்தம் இருக்கிற இடத்தில் வரைபடம் உயரும். என் வரைபடத்தில் எங்கும் சமவெளி, நடுவே ஒரே ஒரு சாமுண்டி மலை. அந்த இடத்தில் இருந்தது, முடிக்குக் கருப்பு நிறம் தருகிற ஜீன். கருப்புக் குட்டிகளின் எடையைப் பார்த்தால், ஆமாம், புள்ளிக் குட்டிகளைவிட ஒரு சுற்று அதிகம். கருப்பையும் வளர்ச்சியையும் இயற்கை ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வேலைக்குச் சேர்ந்த பிறகு இது என் முதல் பெரிய முடிவு. மேடம் ஆபீஸுக்கே மசாலா தோசை வரவழைத்தார்.

குலுக்கல் சாரின் தோசை ஆறிக்கொண்டிருந்தது. சீட்டில்லாமல் கிடைத்த தோசை. அவர் தொடவில்லை. என் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, இதைப் பார்த்தா நோக்கு பயமா இல்லையா?”

“பயம் எதுக்கு சார்?”

“இத்தனை அழகா இருக்கே. முடிக்குச் சாயம் பூசற ஜீனுக்கு உடம்பு வளக்கற வேலை எதுக்கு?”

“ஒரு ஜீன் ரெண்டு வேலை செய்யக்கூடாதா சார்?”

“செய்யலாம். இந்த ஆபீஸ்ல ஒருத்தரும் ஒரு வேலையே செய்யறதில்லை. ஆடு செய்யறதோ என்னமோ.”

நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் தங்கையின் சாதனையை முறியடிக்க முடியவில்லை, எதிர் மேஜையாயிற்றே.

கணினி கிடாக்களுக்குத் தர வரிசையும் போட்டிருந்தது. மேலே எல்லாம் கருப்பு. அடியில் மினிஸ்டர். திட்டத்தின் விதிப்படி, மேலே இருப்பவை பொலிகிடாக்களாக நிற்கும். அடியில் இருப்பவற்றுக்குக் காயடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மந்தை கலந்துவிடும். பழனியம்மாவும் இதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். எல்லோருடைய கிடாவையும் மனசில் வைத்துத்தான் போட்டிருந்தார், தன்னுடையதை அல்ல. சேதி போனதிலிருந்து தினமும் காலையில் எனக்குப் போன் வந்தது. அழுகை கிடையாது, சண்டையும் கிடையாது. “என்ன அம்மிணி, மினிஸ்டருக்கு ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?” என்று மட்டும் கேட்பார். கணக்கு அப்படி வந்திருக்கிறது என்பேன். “மறுக்காப் போட்டுப் பாருங்க” என்பார். மறுபடி போட்டால் மறுபடியும் அதே மலை.

காயடிக்கிற நாளும் குறித்தாயிற்று. சாயங்காலம் கால்நடை டாக்டரைக் கூட்டிக்கொண்டு மேடம் ஜீப்பில் வருவதாக ஏற்பாடு. அன்றைக்குக் காலையில் குலுக்கல் சார் தன் டப்பாவோடு என் வீட்டு வாசலில் நின்றார். தராசுக்கு வந்த ஆட்டைத்தான் பார்த்திருக்கிறோம், தராசுக்கு வராத நேரத்தில் ஆடு என்ன செய்கிறது என்று யாராவது பார்த்தோமா என்று கேட்டார். ஆடு என்ன செய்யும், மேயும் என்றேன். “சும்மா சொல்லாதே. போய்ப் பார்ப்போம், வா” என்றார். நான் கிளம்பியது அவர் தப்பு என்று நிரூபிக்கத்தான். லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டேன்.

கொள்ளேகாலம் பஸ்ஸில் ஏறினோம். டப்பா நிறைய, ஆடுகளின் காதில் மாட்டியிருக்கிற டேக் எண்கள். எந்த ஆட்டைப் போய்ப் பார்ப்பது என்று சீட்டு எடுக்க வேண்டும். தன் கையை அவர் நம்ப மாட்டார், என் கையை அதைவிட நம்ப மாட்டார். அதனால் கண்டக்டரிடம் டப்பாவை நீட்டினார். கண்டக்டர் ஒரு சீட்டை எடுத்துப் பிரித்துவிட்டு, என்ன பரிசு என்று கன்னடத்தில் கேட்டார். குலுக்கல் சாருக்குப் பொய் வராது. ஆடு என்றார். அதற்கப்புறம் டி. நரசிபுரம் வரை அந்த பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கப்படவில்லை. ஜன்னலோரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் எல்லாம் எழுந்து வந்து சீட்டு எடுத்தார்கள். ஒரு பெரியவர் தன் சீட்டில் இருப்பது கிடாவா பெட்டையா என்று கேட்டு, பெட்டை என்றதும் சந்தோஷமாக அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். அவரிடமிருந்து சீட்டைத் திரும்ப வாங்க நான் பட்ட பாடு தனிக் கதை.

ராமாபுரத்தில் பழனியம்மா எங்கள் கையிலிருந்த சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வழி காட்ட முன்னால் நடந்தார்.

முதல் சீட்டு ஒரு புள்ளிக் குட்டி. மினிஸ்டரின் வாரிசு. வீட்டுப் பின்னால் முருங்கை மரத்தில் முழ நீளக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். எட்டுகிற புல்லை எல்லாம் தின்றுவிட்டு, எட்டாத புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலை நேரத்துத் தர்ஷினியில் ஒரு முகத்தை நான் இதே மாதிரி பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது சீட்டு ஒரு கருப்புக் கிடாக்குட்டி. அதை வீட்டில் காணோம். தேடிக்கொண்டே போனால், ஊர்க் கோடியில் யாருடையதோ அவரைக் காட்டில், பூவும் பிஞ்சுமாக இருந்த கொடிகளுக்கு நடுவே நின்று நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வரப்பில் காட்டுக்குச் சொந்தக்காரர் உட்கார்ந்து பீடி குடித்தபடி அதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதறிப்போய் விரட்ட ஓடினேன்.

“உடுங்க அம்மிணி, தின்னட்டும். அம்மனுக்கு நேந்து உட்ட கிடா. அது வாய் வெச்சா வெள்ளாமைக்கு நல்லதுங்க.”

குலுக்கல் சார் நடப்பதை நிறுத்தினார்.

மூன்றாவது சீட்டும் கருப்பு. அது டீக்கடை பெஞ்சின் அருகே நின்று, வருகிறவர் போகிறவர் கையால் பன் வாங்கித் தின்றுகொண்டிருந்தது. கன்னத்தில் மஞ்சள், நெற்றியில் குங்குமம். அதுவும் அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா. நோம்பி என்கிற கோயில் திருவிழா வரைக்கும் அதை அடிக்கிறவனும் கிடையாது, கட்டுகிறவனும் கிடையாது. நாலாவதும் அதே மாதிரி, கம்பங்கொல்லையில்.

“எல்லாம் கருப்பாவே நேர்ந்து விடுவீங்களா?” என்று பழனியம்மாவைக் கேட்டேன்.

“புள்ளி உளுந்தது அம்மனுக்கு ஆகாதுங்களே. ஒரே நெறமா, கருப்பா இருக்கோணும்.”

நாங்கள் விசாரித்தது கொஞ்சநஞ்சமில்லை. என்ன வயசு, ஒற்றைக் குட்டியா, இரட்டைக் குட்டியா, தாய்க்குப் பால் உண்டா, குடற்புழு மருந்து கொடுத்தாயிற்றா என்று எல்லாம் கேட்டிருந்தோம். அம்மனைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பழனியம்மாவைக் கேட்டதற்கு, “ஆபீஸ்காரங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்க?” என்றார்.

குலுக்கல் சார் அங்கேயே கம்பங்கொல்லை வரப்பில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். டப்பாவைப் பக்கத்தில் திறந்து வைத்துவிட்டார். அம்மன் கிடா நிதானமாக வந்து மூக்கை உள்ளே விட்டு, சீட்டுகளை மென்றது. நான் விரட்டப் போனேன். கையைக் காட்டித் தடுத்துவிட்டார். அவரும் ஊரோடு சேர்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் சிரிப்பால் மினிஸ்டரைக் காப்பாற்ற முடியாது. கணக்கு வேண்டும். ஜீப் மைசூரை விட்டுக் கிளம்பியாயிற்று என்று மேடத்திடமிருந்து சேதி வந்தது. பழனியம்மா வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டு லேப்டாப்பைத் திறந்தேன். பட்டியலில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்தேன்: ‘அம்மன்’. ஒவ்வொரு டேக் எண்ணாக நான் வாசிக்க, பழனியம்மா ‘ஆமா’, ‘இல்ல’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்து வீட்டுக்காரிகளும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கிடா மாரியம்மனுக்கா, காளியம்மனுக்கா என்று அவர்களுக்குள் தகராறு வந்தது. கணினிக்கு இரண்டும் ஒன்றுதான் என்றேன். அது எப்படி ஒன்றாகும் என்று எல்லோரும் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியூர் ஆடுகளுக்குப் பழனியம்மா போன் போட்டார். அந்தத் தாலுக்காவில் அவருக்குத் தெரியாத ஆடு இல்லை.

குலுக்கல் சார் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஒரு பயம் இருந்தது. கருப்பு எல்லாமே அம்மனுக்குப் போயிருந்தால், எடை கருப்பால் வந்ததா, அம்மனால் வந்ததா என்று எந்தக் கணினியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. நல்ல வேளை, வீட்டுக்கு ஒன்றுதான் நேர்ந்திருந்தார்கள். மீதிக் கருப்புக் குட்டிகள் புள்ளிக் குட்டிகளைப் போலவே முழக் கயிற்றில் கட்டுண்டு கிடந்தன. கட்டிப் போட்ட கருப்பையும் கட்டிப் போட்ட புள்ளியையும் ஒப்பிட்டால் போதும்.

ஓட்டினேன். லேப்டாப் விசிறி இரைந்தது. வரைபடம் வந்தது. என் மலை கரைந்து வரப்பாகிவிட்டிருந்தது. கயிற்றில் கிடந்த கருப்புக்கும் புள்ளிக்கும் எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. என் முதல் பெரிய முடிவு போயிற்று. அதற்குப் பதிலாக இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று சின்னச் சின்ன மேடுகள் புதிதாகத் தலை காட்டின. நிறத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. தர வரிசையை இறக்கினேன். மினிஸ்டர் அடியிலிருந்து கிளம்பி மூன்றாம் இடத்துக்கு வந்திருந்தது. முதலிடத்துக்கு வந்திருந்தால் குலுக்கல் சார் அதையும் நம்பியிருக்க மாட்டார். மூன்று என்றதும் ஒரு பெருமூச்சு விட்டார்.

“மூணு நன்னா இருக்கு. மூணுல பொய் இருக்காது.”

ஜீப் வந்தது. டாக்டர் காயடிக்கிற இடுக்கியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். யாரோ முக்கியமானவர் வந்திருக்கிறார் என்று மினிஸ்டர் வழக்கம்போல் நடந்து போய் அவர் முன்னால் நின்றது. மேடத்துக்கு நான் கன்னடத்தில் மூச்சு விடாமல் விளக்கினேன். மேடம் இரண்டு வரைபடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பணம் கொடுக்கிறவர்களிடம் இனி என்ன சொல்வது, நம் ஆராய்ச்சியின் முடிவு அம்மன் என்று சொல்லவா என்று கேட்டார். குலுக்கல் சார் முன்னால் வந்தார். அவசரமாகச் சொன்ன ஒரு பெரிய பொய்யை விட்டுவிட்டோம், அதன் அடியில் சின்னதாகச் சில நிஜங்கள் இருக்கின்றன, அடுத்த ஈற்றுக் குட்டிகளை எடை போட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று சொல்லச் சொன்னார். அத்தனை நேராக அவர் பேசி அன்றுதான் கேட்டேன். மேடம் லேப்டாப்பை மூடினார். பிறகு டாக்டரிடம், இன்றைக்கு வேண்டாம் என்றார். ஒரு கிடாவுக்கும் வேண்டாம். கருப்பும் புள்ளியும் எல்லாமே இன்னொரு ஈற்றுக்கு நிற்கட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம்.

இடுக்கி பைக்குள் போயிற்று. பழனியம்மா உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தார். எனக்குத் தம்ளரைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். அவர் பார்வை பட்டிப் பக்கம் இருந்தது.

பட்டிக்குள் குலுக்கல் சார் குந்தி உட்கார்ந்திருந்தார். சட்டை பாதி வெளியே தொங்கியது. பேன்ட் முழுக்க ஒட்டுப்புல். தலையில் கம்பந்தாள் ஒன்று நின்றது. ஒவ்வொரு புள்ளிக் குட்டியாகக் காதைப் பிடித்து டேக்கைப் பார்த்து, அதனிடம் என்னவோ விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு குட்டி அவர் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

பழனியம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“ஏனுங்க அம்மிணி, அந்த ஐயாவுக்குன்னு யாரும் இல்லீங்களா?”

“இருக்கோமே” என்றேன்.